ரோபோ செய்யவைத்து இயற்பியல் கற்பிக்க முடியுமா?

கேள்வி: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளராக இருக்கிறேன். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு பிராக்டிகல் நேரத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, குழுவாக ரோபோ செய்யவைக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் துறைத் தலைவர், “இது இன்ஜினியரிங் காலேஜ் வேலை. இதில் பிசிக்ஸ் எங்கே இருக்கிறது?” என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? செய்வதென்றால் எப்படிச் செய்வது?

பதில்:

உங்கள் துறைத் தலைவர் கேட்பது நியாயமான கேள்வி. கல்லூரிகளில் நடக்கும் ரோபோ திட்டங்களில் பெரும்பாலானவற்றில் இயற்பியல் எதுவும் நடப்பதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ ஒரு கிட் வாங்குவார்கள். யூடியூப் பார்த்து வயர் இணைப்பார்கள். யாரோ எழுதிய கோடை (புரோகிராமை) ஏற்றுவார்கள். வண்டி ஓடும், கைதட்டுவார்கள், சான்றிதழ் வரும். வயரிங் செய்யவும், பிழை தேடவும் கற்றிருப்பார்கள். அவை பயனுள்ள திறமைகள்தான். ஆனால் அதே மாணவரிடம் போய், “உன் வண்டி ஏன் வேகமாகப் போனால் ஆடுகிறது?” என்று கேளுங்கள். “கோட் சரியில்லை சார்” என்பார்.

அதே வண்டி, அதே சில நூறு ரூபாய் மோட்டார்களை வைத்துக்கொண்டு தடையுறு அலைவு (மெல்ல அடங்கும் ஆட்டம்), அகமின்தடை (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை), உராய்வு, நிறை மையம் எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுக்க முடியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாடு ஒன்றே ஒன்று: சுவிட்ச் போடுவதற்கு முன்னால், வண்டி என்ன செய்யும் என்று அந்தக் குழு ஒரு எண்ணையும் அலகையும் தாளில் எழுதியதா? எழுதியிருந்தால் அது இயற்பியல் வகுப்பு. இல்லையென்றால் அது பொழுதுபோக்கு. நான் கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விதியை எப்படி நடைமுறையில் காப்பாற்றுவது என்பதைப் பற்றித்தான்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் நட்டாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன் இருவரும் (வீமன் 2001-இல் இயற்பியல் நோபல் பெற்றவர்) 3 நிறுவனங்களில் 9 ஆய்வக வகுப்புகளை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வகுப்பில் நடத்திய பாடத்தை வலுப்படுத்துவதற்கென்றே அமைக்கப்பட்ட ஆய்வகங்கள் அவை. அதே பாடத்தில் ஆய்வகத்துக்குப் போன மாணவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆய்வகம் வலுப்படுத்தியிருக்க வேண்டிய தேர்வுக் கேள்விகளில் இரு தரப்புக்கும் அளவிடக்கூடிய வேறுபாடே இல்லை. எல்லாப் படிகளையும் கையேடே சொல்லிவிட்டால் மாணவர் முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதே அவர்கள் காட்டிய காரணம்.

நம் பிராக்டிகலை நினைத்துப் பாருங்கள். நோக்கம், சூத்திரம், அட்டவணை, முடிவு. கூட்டு ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். 10.6 வந்தால் அளவீட்டைத் திருத்தி எழுதிவிட்டு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மாணவரைக் குறை சொல்வதில் பயனில்லை. விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வியை வேறு எப்படித்தான் அணுகுவார்? அவர்கள் கையால் பூட்டிய வண்டியின் விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்துக் குழுவின் விடையும் உதவாது, ஏனென்றால் அவர்களுடைய மோட்டார் வேறு, பேட்டரியின் வயது வேறு. ரோபோவின் பெரிய பலமாக நான் நினைப்பது இதைத்தான்.

சரி, உதாரணத்துக்கு எல்லோரும் செய்கிற லைன் ஃபாலோவரையே எடுத்துக்கொள்வோம். தரையில் கறுப்பு டேப். வண்டியின் முன்புறம் அகச்சிவப்பு சென்சார் வரிசை. கோட்டிலிருந்து விலகினால் இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் மாற்றி வண்டி திரும்புகிறது. இதைப் போட்டிக்காகச் செய்பவர்கள் புரோகிராமில் இருக்கும் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து ஓடவைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பதோ முதலாம் ஆண்டில் கரும்பலகையில் எழுதிய அதே அலைவுச் சமன்பாடு.

இப்படிப் பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள அச்சின் மையம் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது ‘விலகல்’. வண்டி கோட்டோடு சிறு கோணத்தில் போனால், விலகல் மாறும் வீதம் என்பது வேகத்தையும் அந்தக் கோணத்தையும் பெருக்கினால் வருவது. விலகலுக்கு நேர்விகிதத்தில், எதிர்த்திசையில் வண்டி திரும்பும்படி நாம் கோட் எழுதியிருக்கிறோம். அதாவது கோணம் மாறும் வீதம், ஒரு கெழுவை (இதைத் திருத்தக் கெழு என்போம்) விலகலோடு பெருக்கி எதிர்க்குறி போட்டால் வருவது. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்தால் விலகலின் முடுக்கம் விலகலுக்கு நேர்விகிதத்தில், எதிர்த்திசையில் வருகிறது. தனிச்சீரிசை இயக்கம். கோண அதிர்வெண்ணின் வர்க்கம் = வேகம் × திருத்தக் கெழு. சுருள்வில் எங்கும் கிடையாது, ஆனால் கோட் ஒரு சுருள்வில்லைப் போலவே நடந்துகொள்கிறது.

சென்சாரும் அச்சிலேயே இருப்பதாக இப்போதைக்கு வைத்துக்கொண்டு எண் போட்டுப் பார்ப்போம். வேகம் வினாடிக்கு 0.3 மீட்டர். 1 சென்டிமீட்டர் விலகினால் வினாடிக்கு 1 ரேடியன் வீதம் திரும்பும்படி வைத்தால் கெழு 100. பெருக்கினால் 30, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.5. அலைவு நேரம் 1.15 வினாடி வருகிறது. அந்த நேரத்தில் வண்டி 34 சென்டிமீட்டர் ஓடியிருக்கும். ஒரு ஸ்கெட்ச் பேனாவை அச்சின் மையத்தில் செங்குத்தாகக் கட்டி, சார்ட் தாள்களை ஒட்டிய தரையில் ஓடவிட்டால், சுமார் 34 சென்டிமீட்டருக்கு ஒரு அலை என்று வண்டியே சைன் வளைவை வரைந்து காட்டும். இப்போது வேகத்தை இரட்டிப்பாக்கினால் தாளில் அலையின் நீளம் என்ன ஆகும்? பலரும் 68 என்பார்கள். சிலர் 34-ஆகவே இருக்கும் என்பார்கள். சமன்பாட்டின்படி நீளம் வேகத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 49 சென்டிமீட்டர் வரவேண்டும். மூன்று பேரும் மூன்று எண் எழுதிவிட்டு ஓடவிடும்போது அந்த அறையில் வரும் கவனம், மின்தடை அளக்கும் கேரி ஃபாஸ்டர் பாலத்தின் முன்னால் வருவதில்லை.

அலைவை அடக்கும் தடை எங்கிருந்து வருகிறது? இங்கேதான் இந்த வண்டி உண்மையாகவே அழகானது. சென்சார் அச்சில் இல்லை, சில சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. அதனால் அது பார்ப்பது அச்சின் விலகலை மட்டுமல்ல, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான். அந்த இரண்டாவது பகுதி விலகல் மாறும் வீதத்துக்கு நேர்விகிதமானது. சமன்பாட்டில் அது தடை உறுப்பாக உட்கார்ந்துகொள்கிறது. சென்சாரை எவ்வளவு முன்னால் தள்ளுகிறோமோ அவ்வளவு தடை. மேலே எடுத்த அதே எண்களுக்கு, மாறுநிலைத் தடை (ஆடாமலே விரைவாக அடங்கும் நிலை) கிடைக்க சென்சார் அச்சிலிருந்து 11 சென்டிமீட்டர் முன்னால் இருக்கவேண்டும். அந்த 11 என்பது 34-ஐ π-ஆல் வகுத்தால் வருவது. எந்த வேகத்துக்கும், எந்தக் கெழுவுக்கும் இது பொருந்தும். தடை இல்லாதபோது வரவேண்டிய அலையின் நீளத்தை π-ஆல் வகுத்தால் மாறுநிலைத் தடைக்கான சென்சார் தூரம். இதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். சமன்பாட்டோடு போராடி ஒரு குழு தானே கண்டுபிடித்தால், அந்தப் பருவம் முழுவதும் அவர்கள் உங்கள் வகுப்பில் வேறு மாதிரி உட்காருவார்கள்.

வேகமாகப் போனால் ஏன் ஆடுகிறது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. தடை விகிதம் (மாறுநிலைத் தடையில் இது 1) வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 8 சென்டிமீட்டர் தூரத்தில் சென்சார் இருந்தால் 0.3 மீட்டர் வேகத்தில் தடை விகிதம் 0.73, வண்டி ஒருமுறை சற்றே தாண்டிவிட்டு அடங்கிவிடும். 0.6 மீட்டர் வேகத்தில் அது 0.52 ஆகிவிடும். கோட் அதேதான், வண்டியும் அதேதான்.

அப்புறம் கணக்கு பொய்க்கும் இடம் வரும். சென்சாரை 2 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், அலைவு மெதுவாகத் தேயும் என்றுதான் சமன்பாடு சொல்கிறது. உண்மையில் பெரும்பாலான வண்டிகளில் அலைவு வளர்ந்துகொண்டே போய் வண்டி கோட்டை விட்டு ஓடிவிடும். குழு திகைக்கும். நீங்கள் கேட்கவேண்டியது: “ஆணை கிடைத்த உடனே மோட்டார் வேகம் மாறிவிடுமா?” மாறாது. ரோட்டாருக்கு நிலைமம் இருக்கிறது, கியரில் தளர்ச்சி இருக்கிறது. பதில் சொல்ல 0.1 வினாடி எடுத்தால், 0.3 மீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் 3 சென்டிமீட்டர் போய்விடுகிறது. சென்சார் 3 சென்டிமீட்டர் பின்னால் இருப்பதற்கு அது சமம். 2-இல் 3 போனால் மிச்சம் எதிர்க்குறி. எதிர்த்தடை, அதனால் அலைவு வளர்கிறது. மாதிரியில் நாம் எதைப் புறக்கணித்தோம், அந்தப் புறக்கணிப்பு எப்போது செல்லாது என்ற பாடத்தை இதைவிடக் கண்ணெதிரே காட்டும் சோதனை இளங்கலை ஆய்வகத்தில் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பு. இதற்கெல்லாம் கறுப்பா வெள்ளையா என்று மட்டும் சொல்லும் சென்சார் போதாது. எவ்வளவு விலகல் என்று எண்ணாகத் தரும் அனலாக் வெளியீடு கொண்ட வரிசை வேண்டும். ஜன்னல் வெயில் விழாத இடமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறையவே இருப்பதால் அளவீடு அலையும்.

அடுத்தது பேட்டரி. ரோபோ செய்யும் எந்தக் குழுவும் இந்தப் புகாரோடு உங்களிடம் வரும்: “சார், மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஆர்டுயினோ ரீசெட் ஆகிவிடுகிறது.” (ஆர்டுயினோ என்பது கோடை ஓட்டும் சிறு கணினிப் பலகை.) கூடவே கோடை மூன்று முறை திருத்திவிட்டோம் என்பார்கள். கோடைப் பார்க்காதீர்கள். மல்டிமீட்டரைக் கொடுத்து, மோட்டார் கிளம்பும் நொடியில் பேட்டரி முனைகளில் மின்னழுத்தம் என்ன என்று அளக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் நிறத்தில் வரும் மலிவான கியர் மோட்டாரை 6 வோல்ட்டில் கையால் பிடித்து நிறுத்தினால் ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும். சும்மா சுழலவிட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான். சுழலும் மோட்டார் தானே ஒரு டைனமோவாகவும் வேலை செய்து, கொடுத்த மின்னழுத்தத்துக்கு எதிராக ஒரு மின்னியக்கு விசையை உண்டாக்குவதே காரணம். கிளம்பும் நொடியில் அது இன்னும் உருவாகவில்லை. இரண்டு மோட்டார் சேர்ந்து 2 ஆம்பியர் கேட்கும். பேட்டரியின் அகமின்தடை மொத்தம் 1 ஓம் என்றாலே 2 வோல்ட் உள்ளேயே காணாமல் போய்விடும். செவ்வக வடிவ 9 வோல்ட் பேட்டரியில் நிலைமை இன்னும் மோசம். எழுதியிருப்பது 9 என்றாலும், மோட்டார் ஓட்ட அது கொஞ்சமும் ஏற்றதில்லை.

‘மின்னியக்கு விசைக்கும் முனை மின்னழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?’ என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடமாக விடை எழுதிய மாணவர்தான், தன் வண்டி அந்த வேறுபாட்டால் நிற்கும்போது கோடில் பிழை தேடுகிறார். அந்த இடைவெளியை நீங்கள் நேருக்கு நேர் பார்ப்பீர்கள். அதைப் பார்ப்பதற்காகவாவது ஒரு முறை இதைச் செய்து பாருங்கள் என்பேன். தீர்வுகளும் இயற்பியலாகவே வரும். மோட்டாருக்குத் தனி பேட்டரி, முனைகளுக்குக் குறுக்கே பெரிய மின்தேக்கி, அல்லது வேகத்தை ஒரேயடியாக ஏற்றாமல் அரை வினாடியில் படிப்படியாக ஏற்றுவது. மூன்றாவது ஏன் வேலை செய்கிறது என்று விளக்கச் சொல்லுங்கள். எதிர் மின்னியக்கு விசை வளர நேரம் கொடுக்கிறோம் என்று சொல்லும் குழுவுக்கு மோட்டார் புரிந்துவிட்டது.

ஆர்டுயினோவின் ஆணைப்படி மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் மோட்டார் டிரைவரையும் விடாதீர்கள். எல்.298.என் என்ற சில்லுதான் பல கிட்டில் வருகிறது. அதற்குள் இருப்பவை இருமுனைச் சந்தி டிரான்சிஸ்டர்கள், ஆகவே 1 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட்டோ அதற்கு மேலோ அதிலேயே விழுந்துவிடும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் போவது 4 அல்லது அதற்கும் குறைவு. மீதி எங்கே போனது என்பதை மேலே ஒட்டியிருக்கும் அலுமினிய வெப்பத்தகட்டைத் தொட்டால் தெரியும்.

மூன்றாவது, சரிவு ஏறுவது. இதில் முயன்று தவறிக் கற்கும் வழியையே அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பலகையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து விடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் சிபாரிசு செய்வது மூடிய உறை. வண்டியில் ஏற்றவேண்டிய கூடுதல் எடை எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் உறையைப் பிரித்தால் தெரியும். அந்த எடையை எங்கே வைப்பது என்று குழு தீர்மானித்து, வண்டி வழுக்காமல் ஏறும் அதிகபட்சக் கோணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரே முறை ஓட்டவேண்டும். அளவு முன்கூட்டியே தெரியாதபோது ஒரு மாதிரியோ வரைபடமோ கையில் இல்லாமல் வர முடியாது.

இதற்கான இயற்பியல் எளிமையானது, ஆனால் ஏமாற்றும். இழுப்பது இரண்டு சக்கரங்கள் மட்டும்தான். முன்னாலிருக்கும் உருளும் சின்னச் சக்கரம் எடையைச் சுமக்கிறது, இழுப்பதில்லை. ஆகவே வண்டியின் எடையில் எத்தனை பங்கு இழுக்கும் சக்கரங்களின் மேல் விழுகிறது என்பதுதான் முக்கியம். சமையலறை டிஜிட்டல் தராசை அந்தச் சக்கரங்களுக்குக் கீழே மட்டும் வைத்தால் தெரிந்துவிடும். உராய்வு குணகம் 0.7, எடைப் பங்கு 0.6 என்றால் கோணத்தின் டேஞ்சன்ட் 0.42, அதாவது சுமார் 23 பாகை. பேட்டரியைப் பின்னால் நகர்த்தி பங்கை 0.85 ஆக்கினால் கிட்டத்தட்ட 31 பாகை. ஒரு ரூபாய் செலவில்லாமல் 8 பாகை கூடுகிறது. மேடேறும்போது எடை இன்னும் கொஞ்சம் பின்பக்கம் சாயும் என்பதால் உண்மைக் கோணம் கணக்கைவிடச் சற்று மாறும். நிறை மையத்தின் உயரத்தை அளந்து அதையும் சேர்த்துக் கணக்கிடும் குழு கட்டாயம் ஒன்று இருக்கும். வண்டியைப் பின்னோக்கி ஏறவைத்தால் என்ன ஆகும் என்று அவர்களிடம் மட்டும் கேளுங்கள்.

சென்சார்களைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும். மீயொலி தூர சென்சார் 40 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. கோடில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அது 20 பாகை வெப்பநிலைக்கு உரியது. மே மாதம் நம் ஆய்வகம் 35 பாகையில் இருக்கும்போது வேகம் 352. இரண்டரை விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு, 2 மீட்டரில் 5 சென்டிமீட்டர். இதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், திருத்திவிட்டுக் கொடுக்காதீர்கள். இன்னொன்று முடுக்கமானி. மேசையில் அசையாமல் கிடக்கும்போது அது 9.8 காட்டும், கையிலிருந்து நழுவி விழும்போது சுழி காட்டும். ஏன் என்ற கேள்வி ஒரு மணி நேர விவாதத்துக்குப் போதும். அந்த முடுக்கத்தை இருமுறை தொகையிட்டு வண்டியின் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று யாராவது கிளம்புவார்கள். விடுங்கள். 0.05 மீ/வி² அளவுக்கு நிலையான பிழை இருந்தால் 10 வினாடியில் இடம் 2.5 மீட்டர் தவறிப்போகும். பிழை பெருகுவதை அட்டவணையில் எழுதுவதும், வண்டி சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பதாகக் கணினி சொல்வதைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

இனி குழு. திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே இதில் கண்டிப்பாக இருங்கள். ஐந்து ஆறு பேர் குழு வேண்டாம். ஒருவர் வேலை செய்வார், ஒருவர் உதவுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா ஹெல்லரும் சக ஆய்வாளர்களும் இயற்பியல் கணக்குகளைக் குழுவாகத் தீர்ப்பதைப் பல வகையில் அமைத்துப் பார்த்து 1992-இல் எழுதினார்கள். மூன்று பேர் குழு நன்றாக வேலை செய்தது. திறமையில் மேல், நடு, கீழ் என்று கலந்திருந்தால் நல்லது. இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் இருந்த குழுக்களில், அந்தப் பெண்ணே அதிகம் தெரிந்தவராக இருந்தாலும், ஆண்கள் பேச்சை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பெண்கள், ஒரு ஆண் என்றால் அந்தச் சிக்கல் வரவில்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பையன்கள் சால்டரிங் அயர்னை எடுத்துக்கொள்வார்கள், “உன் கையெழுத்து நல்லா இருக்கும்” என்று சொல்லி ரெக்கார்டை ஒரு பெண்ணிடம் தள்ளிவிடுவார்கள். பருவம் முடியும்போது அந்தப் பெண் ஒரு வயரைக்கூடத் தொட்டிருக்கமாட்டாள். இது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். நல்லெண்ணத்தை நம்பி இதை விட்டுவிடக் கூடாது, விதியாகவே போடவேண்டும். ஹெல்லர் குழு சொன்ன மாதிரி மூன்று பொறுப்புகளை வைத்துக்கொள்ளுங்கள்: வேலையை நகர்த்துபவர், எழுதிச் சரிபார்ப்பவர், “ஏன்? வேறு காரணம் இருக்கக் கூடாதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பவர். வாரா வாரம் பொறுப்பு மாறும். வண்டியைக் கையில் தொடும் உரிமையும் கூடவே மாறும். மூன்றாவது பொறுப்பை யாரும் முதலில் விரும்பமாட்டார்கள். நாலாவது வாரம் அதற்குத்தான் போட்டி வரும்.

முன்கணிப்பை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதவேண்டும். அதற்குப் பிறகுதான் குழுவில் பேச்சு, பேசி ஒரே எண்ணுக்கு வரவேண்டும். முதலிலேயே சேர்ந்து எழுதினால் சத்தமாகப் பேசுகிறவரின் எண்ணே எல்லோர் தாளிலும் இருக்கும். எழுதிய தாளைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டபிறகுதான் பேட்டரியைக் கொடுப்பேன் என்று சொல்லிவிடுங்கள். நேரம் பதிவாகிவிடும், பிறகு திருத்த முடியாது.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கணித்ததும் நடந்ததும் ஒத்துப்போனால் மதிப்பெண் என்று வைத்தால், அடுத்த நாளே பழைய 9.8 கதை திரும்பிவிடும். மதிப்பெண்ணை இடைவெளியை விளக்குவதற்குக் கொடுங்கள். 49 சென்டிமீட்டர் என்று எழுதி 44 வந்தது, ஏன் என்று மூன்று காரணம் யோசித்து, அதில் ஒன்றைச் சோதித்துப் பார்த்து, அது காரணமில்லை என்று காட்டிய குழுவுக்கு முழு மதிப்பெண்ணும் உரியது. வைவாவில் ஒவ்வொருவரிடமும் அவர் செய்யாத பகுதியைப் பற்றிக் கேளுங்கள். வயரிங் செய்தவர் சமன்பாட்டை விளக்கட்டும், வரைபடம் போட்டவர் மோட்டாரைப் பிடித்து நிறுத்தி மின்னோட்டத்தை அளந்து காட்டட்டும். இப்படிக் கேட்கப்போகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் வேலை தானாக நடக்கும்.

கோடிங்கைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: முழு கோடையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வேகம், திருத்தக் கெழு, ஏற்றும் நேரம் என்று மூன்று நான்கு எண்களை மட்டும் அவர்கள் மாற்றலாம். கோட் எழுதப் பிடித்தவர்கள் தாங்களாகவே கற்றுக்கொள்வார்கள். இயற்பியலுக்கு என்று இருக்கும் சில மணி நேரத்தை அரைப்புள்ளி விட்டுப்போன பிழைக்குக் கொடுக்க நமக்கு வசதி இல்லை.

செலவு பெரிய தடையாக இருக்காது. ஒரு வண்டிக்கு ஆர்டுயினோ நகல் பலகை, டிரைவர், இரண்டு மோட்டார், சக்கரம், சென்சார்கள், பேட்டரி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாயை ஒட்டி முடித்துவிடலாம், அடுத்த ஆண்டும் அதே வண்டிதான். லித்தியம் செல் வாங்கினால் பாதுகாப்புச் சுற்று உள்ளதாக வாங்குங்கள். குறுக்கிணைப்பு ஆனால் தீப்பிடிக்கலாம். அளப்பதற்கு மாணவரின் போனே போதும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலி போனின் முடுக்கமானியை ஆய்வுக் கருவியாக்கிவிடும். போனில் எடுத்த வீடியோவை டிராக்கர் என்ற இலவச மென்பொருளில் போட்டால் இடம், வேகம் எல்லாம் வரைபடமாக வந்துவிடும். மோட்டார் மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்று பார்க்க, டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் உருவான எக்ஸ்ப்ஐஸ் (ExpEYES) என்ற அளவீட்டுக் கருவி ஏற்கெனவே உங்கள் துறை அலமாரியில் இருக்கக்கூடும். பல கல்லூரிகளில் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

துறைத் தலைவரிடம் போகும்போது ரோபோ என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், தடையுறு அலைவு, அகமின்தடை, உராய்வு, பிழைப் பகுப்பாய்வு ஆகிய இந்த நான்கு அலகுகளுக்கு இந்த வண்டியில் இந்தந்த அளவீடு என்று காட்டுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் அறிமுக இயற்பியலையே விரிவுரை இல்லாமல் குழுத் திட்டங்களாக நடத்தும் ‘அப்ளைடு பிசிக்ஸ் 50’ என்ற பாடத்தை அமைத்தார் என்பதையும் சொல்லலாம், ஆனால் அது நம் வகுப்பு எண்ணிக்கைக்கு அப்படியே பொருந்தாது. எல்லாவற்றையும் மாற்றப்போவதாகவும் சொல்ல வேண்டாம். நிறமாலைமானி, நியூட்டன் வளையம் போன்றவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒளியியலுக்கும் அணு இயற்பியலுக்கும் இந்த வண்டி உதவாது, இழுத்துப் பொருத்தினால் செயற்கையாகத்தான் இருக்கும்.

முதல் ஆண்டில் சரிவையும் மூடிய உறையையும் மட்டும் செய்யுங்கள். நான்கு வாரம் போதும், அனலாக் சென்சார் வரிசையோ நீண்ட புரோகிராமோ தேவையில்லை, சமன்பாடும் எல்லா மாணவருக்கும் எட்டும். லைன் ஃபாலோவர் அலைவை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நீங்களே ஒரு வண்டியை வீட்டுத் தரையில் ஓட்டி, உங்கள் மோட்டாருக்குத் தாமதம் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொள்ளலாம். ஐந்து குழுவுக்கு இரண்டு மோட்டாராவது உபரியாக வாங்கி வையுங்கள். அந்த மஞ்சள் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம், கையால் பிடித்து நிறுத்தும் சோதனையில் எப்போதாவது உடையும்.